அரிசி மூட்டைக்குப் பின்னால் இருமியவர்

சுயம்புராஜ் தன் முதல் சிகரெட்டைப் பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் பற்றவைத்த அன்று மத்தியானம், ஊரின் இன்னொரு கோடியில் இருந்த அவன் வீட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒருவர் இருமினார். அவன் அம்மா கனியம்மாள் அப்போது முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவுக் கையோடு எழுந்துபோய் மூட்டையை நகர்த்திப் பார்த்தாள். அங்கே சுவரும் ஒரு பல்லியும்தான் இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் இருமல் வந்தது, நெஞ்சின் அடியிலிருந்து சளியைக் கிளறிக்கொண்டு, கடைசியில் மூச்சுக்குத் தவிக்கிற ஒரு நீண்ட இழுப்போடு. "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் வெந்நீர் வைக்கப் போனாள்.

அவள் அதிசயப்படவில்லையே என்று நீங்கள் அதிசயப்படக் கூடாது. அதற்குள் எங்கள் நொச்சிமேட்டில் எத்தனையோ வீடுகளுக்கு இருமல் வந்து சேர்ந்திருந்தது. முதலில் வந்தது வாத்தியார் தெருவில் ஒரு பீரோவுக்குள். அப்புறம் தபால் ஆபீசுக்குப் பக்கத்து வீட்டில் மாடிப்படிக்கு அடியில். இன்னொரு வீட்டில் பிரிட்ஜுக்குப் பின்னால், அந்த வீட்டுக்காரர் மெக்கானிக்கைக் கூட்டிவந்து கம்ப்ரசரையே மாற்றிய பிறகும் அது விடாமல் இருமியது. ஆடி மாதம் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். செத்தவர்கள் ஆடி அமாவாசைக்கு வீடு தேடி வருவார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான் என்பதால், இந்த வருடம் கொஞ்சம் முன்னாலேயே பஸ் ஏறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். தவிரவும் எங்கள் ஊர் ஆண்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் செத்தார்கள்: பகலெல்லாம் உப்பளத்தில் வெந்து, மற்ற நேரமெல்லாம் பீடியில் புகைந்து, ஐம்பதில் இருமத் தொடங்கி, அறுபதைத் தாண்டாமல், படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் கட்டிலில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்கள். வீட்டுக்கு வீடு இருமிச் செத்த ஒருவர் சட்டம் போட்ட படமாகத் தொங்கும்போது, மூலையில் இருமல் கேட்டால் வேறு யார் ஞாபகம் வரும்? இருமல் வந்த வீடுகளில் எல்லாம் மீசை அரும்புகிற வயதில் ஒரு பையன் இருக்கிறான் என்பதும், அந்த வருடம்தான் மந்திரத்தின் பெட்டிக்கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து இடம் மாறி மேல்நிலைப் பள்ளிக்கு எதிரில் வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை எல்லாம் சேர்த்துப் பார்க்கிற பழக்கம்தான் எங்கள் ஊருக்கு இல்லை.

மற்றபடி நாங்கள் இருமலோடு வாழப் பழகிக்கொண்டோம், அதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தோம். பிள்ளைகள் இருமலுக்கு நடுவில் பாடம் படித்தார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் காபி குடித்து முடித்ததும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டார்கள். மூலையில் ஒரு கனத்த இருமல் கேட்டால், பெரியவர்கள் இன்னும் விட்டுப் போகாத வீடு, நம்பிப் பெண் கொடுக்கலாம் என்று திருப்தியோடு தலையாட்டினார்கள். பெண்பிள்ளைகள் மட்டும் இருந்த வீடுகளுக்கு இருமல் வரவேயில்லை. பேர் சொல்லப் பேரன் இல்லாத வீட்டுக்குப் பெரியவர் எதற்கு வருவார் என்று ஊர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து, ஏற்கெனவே நொந்துபோயிருந்த தாய்மார்களை இன்னும் கொஞ்சம் நோகடித்தது. கிறிஸ்தவத் தெருவிலும் நாலைந்து வீடுகளில் இருமல் இருந்தது. அவர்கள் படையல் போட மாட்டார்கள் என்பதால் ஜெபக் கூட்டம் வைத்தார்கள்.

கனியம்மாள் மாமனாருக்கு ஓமத் தண்ணீர் வைத்தாள், சுக்குப் போட்ட கருப்பட்டிக் காபி வைத்தாள், கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து யார் நெஞ்சில் தேய்ப்பது என்று தெரியாமல் சுவரில் தேய்த்தாள். இருமல் குறையவில்லை. லோடு வேன் ஓட்டுகிற அவள் புருசன் தவசி வடக்கே போய்விட்டு ஊர் திரும்பியவன், செருப்பைக் கழற்றும்போதே அதைக் கேட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, "எய்யா, வந்துட்டியளா" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அழுது முடித்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எங்கய்யா எதுக்கு இருமுதாவன்னு தெரியலயா ஒனக்கு? பீடி கேக்காவட்டி. உசுரோட இருக்கயில ஒரு நேரம் பீடி இல்லாம இருந்திருக்காவளா?"

"இருமுதவியளுக்குப் பீடியக் குடுத்தா இன்னுங் கூடத்தான செய்யும்?" என்றாள் கனியம்மாள்.

"செத்தவியளுக்கு என்னட்டி கூடுததும் கொறையுததும்?"

படையல் இலையில் செத்தவர் ஆசைப்பட்டதை வைப்பது எங்கள் ஊர் வழக்கம். கருவாட்டுக்கு ஆசைப்பட்டவருக்குக் கருவாடு, சாராயத்துக்கு ஆசைப்பட்டவருக்குச் சாராயம், பீடிக்கு ஆசைப்பட்டவருக்கு ஒரு கட்டுப் பீடி. வருடத்துக்கு ஒரு நாள் வந்துபோகிறவருக்கு ஒரு நாள் வைத்தால் போதும். வந்து தங்கிவிட்டவருக்குத் தினமும்தானே வைக்க வேண்டும்? அதுவும் சும்மா வைத்தால் ஆகாது, பற்றவைத்து வைக்க வேண்டும். பற்றவைக்கிறவன் அந்த வீட்டு ஆம்பிளையாக இருக்க வேண்டும். பாதி நாள் ரோட்டில் கிடக்கிறவன் எப்படித் தினமும் செய்வது என்று தவசி யோசித்து, மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"பேரன் கையால குடுத்தாத்தான் தாத்தாவுக்குச் சேரும். நீயே வைல."

சுயம்பு பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லப்பா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான், அப்படிச் சொல்லும்போது முகத்தில் வந்த வெட்கத்தைப் பார்த்துத் தாய்க்கும் தகப்பனுக்கும் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு பீடியைப் பற்றவைக்க வேண்டும் என்றால் நெருப்பைக் காட்டினால் மட்டும் போதாது, வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுக்கத்தான் வேண்டும். இழுத்தான். தகப்பன் பார்க்க, தாய் அரிசி நிரப்பிய டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி நிற்க, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சம்மணம் கூட்டி உட்கார்ந்து இழுத்தான், அதைக் கொண்டுபோய் டம்ளர் அரிசியில் குத்திவைத்து விழுந்து கும்பிட்டான். மூட்டைக்குப் பின்னால் இருமல் அப்படியே பொங்கியது. "பாத்தியா, சந்தோசத்த" என்றான் தவசி.

இப்படியாக எங்கள் ஊரில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, இருமல் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பையன் குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்து புகை இழுத்தான், பக்கத்தில் அவன் அம்மா பக்தியோடு நின்றாள். மந்திரம் கடையில் பையன்கள் "தாத்தாவுக்கு ஒண்ணு" என்று கையை நீட்டினால் போதும், அவன் வயதைக் கேட்க மாட்டான், யார் கேட்டும் ஓசியில் எதுவும் கொடுக்காத மனுசன் பெரியவர்கள் காரியம் என்பதால் கூட ஒரு பாக்கு மிட்டாயும் வைத்துக் கொடுத்தான். வாழ்கிற காலத்தில் நல்லது எதையும் அனுபவிக்காமல் போனவர்களுக்குப் பீடி எதற்கு, பில்டர் சிகரெட்டே வைப்போம் என்று சில வீடுகளில் தொடங்கி, அது எல்லா வீட்டுக்கும் பரவியது. சாமிக்குப் படைத்த பொங்கலைச் சாமியா சாப்பிடுகிறது? மிச்சத்தைப் பையன்கள் வீணாக்கவில்லை. நாளாக ஆக இருமல் கனத்தது, ஊருக்குப் பரம திருப்தி.

சுயம்பு கபடியில் பாடிப்போகிறவன். எதிர்க் கட்சிக்குள் நுழைந்து, மூச்சை விடாமல் பாடிக்கொண்டே நாலு பேரைத் தொட்டுவிட்டு, கோட்டுக்குத் திரும்பி வந்து நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருக்கிற பையன் என்று பக்கத்து ஊர்களில் எல்லாம் பேர் வாங்கியிருந்தான். அந்த வருடம் அவன் பாட்டு நடுவிலேயே அறுந்தது. எதிராளிகள் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை, சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள், அவன் அவர்கள் எல்லைக்குள் இடுப்பில் கையை ஊன்றி வாயைப் பிளந்து நின்றான். "மூச்ச எங்கல தொலச்ச?" என்று பி.டி. வாத்தியார் திட்டினார். காலையில் எழுந்ததும் வாசல் சாக்கடையில் அவன் காறித் துப்புகிற சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. உதடு கறுத்தது, இரண்டு விரல் நுனிகள் மஞ்சளடித்தன, விளக்கு வைக்க நேரமானால் கை நடுங்கி எரிந்து விழுந்தான். கனியம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். பரீட்சை, வெயில், வளர்கிற வயது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள், எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மூட்டைக்குப் பின்னால் இருமல் வழக்கத்தை விட நீளமாக இழுத்துக்கொண்டு போனது. அது ஓய்கிற சமயம், அதே மூலையிலிருந்து ஒரு சின்னப் பெண்பிள்ளையின் குரல் கேட்டது.

"அப்பா, தண்ணி குடிங்கப்பா."

மடக்கு மடக்காகத் தண்ணீர் இறங்கும் சத்தம். அப்புறம் ஒரு ஆணின் குரல், "போதும் மக்கா."

கனியம்மாளின் கையில் முறுக்கு உழக்கு அப்படியே நின்றது. மாமனார் பொன்னுலிங்கத்துக்குப் பெண்பிள்ளை கிடையாது. இருந்த ஒரே மகனும் அவரை எய்யா என்று கூப்பிட்டானே தவிர அப்பா என்று கூப்பிட்டதில்லை. அதெல்லாம் கூட அவளுக்கு அப்புறம்தான் தோன்றியது. முதலில் அவளைத் தைத்தது அந்த "போதும்"தான். இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றப் போகும்போது தட்டை மறைத்துக்கொண்டு, கடைசி எழுத்தை மூக்கால் இழுத்து, சலிப்பும் செல்லமுமாக ஒருவன் சொல்கிற போதும் அது, பால்குடி மறந்த நாளிலிருந்து அவள் தினமும் கேட்கிற போதும். குரல் தடித்திருந்தது, உள்ளே ஏதோ கிழிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கிழவர் யாரும் அங்கே இருமவில்லை. இனி வரப்போகிற ஒரு நாளில், ஒரு சின்னப் பெண்ணுக்குத் தகப்பனாகி, நாற்பது வயதுகூட ஆகாத தன் மகன்தான் அங்கே உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறான் என்பது தெரிந்ததும், எண்ணெய்ச் சட்டி புகைவதைக்கூடக் கவனிக்காமல் அவள் தெருவில் இறங்கி ஓடினாள்.

அவள் ஓடியது கிறிஸ்தவத் தெருவில் இருந்த எப்சிபாளின் வீட்டுக்கு. எப்சிபாள் முறுக்குக்கு அரிசி மாவு அரைத்துக் கொடுக்கிறவள், அவள் மகன் ஜெரால்டு சுயம்புவின் வகுப்பு. அவர்கள் வீட்டுக் கோழிக்கூட்டுப் பக்கம் இருமிக்கொண்டிருந்தது இப்போது கேட்பதில்லை என்று கனியம்மாள் கேள்விப்பட்டிருந்தாள்.

"எக்கா, ஒங்க வீட்டு இருமல் எப்படி நின்னுது?"

எப்சிபாள் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். "ஜெபத்துல நின்னுதுன்னு வெளிய சொல்லிக்கிட்டோம் பிள்ள. ஒனக்கென்ன, உள்ளதச் சொல்லுதேன். ஜெபத்துக்குப் பயந்து இந்தப் பய அழுது, களவாச் சிகரெட்டு குடிக்கேன்னு எல்லாத்தயும் ஒத்துக்கிட்டான். அன்னையோட விட்டான். அதுக்குப் பொறவு இருமல் கூட்டுக்கிட்ட இருந்து கெணத்துக்கிட்டப் போச்சு. பொறவு வேலிக்கு அந்தப் பக்கம் போச்சு. ஒரு ஆளு நடந்து போற மாரி தூரமாப் போயி தூரமாப் போயி, இப்பம் ஒண்ணுங் கேக்கல."

"சட்டுனு நிக்கலயே?"

"இல்ல. சட்டுனு நின்னது செல்வமணி வீட்டுலல்லா?"

அது ஊருக்கே தெரிந்த கதை. செல்வமணி வீட்டுப் பரணில் இருமிக்கொண்டிருந்தது, ஒரு நாள் பாதி இருமலில், கத்திரியால் நறுக்கியது போல நின்றுவிட்டது. பெரியவர் சாந்தியடைந்துவிட்டார் என்று அவர்கள் ஆடு அடித்து ஊருக்கே சோறு போட்டார்கள். நாங்களும் போய் நன்றாகச் சாப்பிட்டோம். அவர்கள் மகன் கை கழுவிவிட்டு மந்திரம் கடைக்குப் போனான். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதி இருமலில் ஒருவன் எப்போது நிறுத்துவான் என்பதை வாய்விட்டுச் சொல்ல இரண்டு பேருக்குமே தைரியம் வரவில்லை.

கனியம்மாள் ஊரிடம் சொல்லிப் பார்த்தாள். வீடு வீடாகப் போய், மூலையில் இருப்பது உங்கள் அப்பா இல்லை, உங்கள் பிள்ளை, இனி வரப்போகிற பிள்ளை என்றாள். அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று சில வீடுகளில் மோர் கொடுத்து அனுப்பினார்கள். சில வீடுகளில், பிள்ளைக்கு வாய்க்கரிசி போடுகிற பேச்சை எங்கள் வாசலில் பேசாதே என்று விரட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் ஊரின் மேலும் குற்றம் சொல்ல முடியாது. திரும்பி வந்த அப்பாவை விட்டுக்கொடுத்துவிட்டு, போகப்போகிற பிள்ளையை யார் வாங்கிக்கொள்வார்கள்? தவசி போனிலேயே கத்தினான். "எங்கய்யா உசுரோட இருக்கயில ஒரு வா சோறு ஒழுங்காப் போட்டியாட்டி? இப்பம் செத்து வந்தவியளயும் வெரட்டப் பாக்க." மந்திரத்திடம் போய், இனி என் மகனுக்குக் கொடுக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் அவள் முறுக்குப் பாட்டிலை எட்டித் தூசி தட்டிக்கொண்டே, "நாந் தரலன்னா பஸ் ஸ்டாண்டுல வாங்குவான். எங்கிட்டன்னா ஒங்க கண்ணு முன்னால வாங்குதான்" என்றான். அதோடு அவள் அவன் கடைக்கு முறுக்குப் போடுவதை நிறுத்தினாள். அவனுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

மகனிடம் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான். அப்புறம் பெண்பிள்ளையின் குரலை அவனே ஒரு நாள் கேட்டான். கேட்டதும் முகம் வெளுத்து, அம்மாவைப் பார்க்காமல், "நீதானம்மா டம்ளரப் பிடிச்சுக்கிட்டு நின்ன" என்றான்.

"நாந்தான். இந்தக் கையாலதான் ஒனக்குக் கொள்ளி வச்சேன்" என்றாள் அவள். "இனி வேண்டாம் மக்கா. எனக்காவ விட்டுரு."

அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சின்ன வயது டாக்டரம்மா அவனை ஒரு குழாயில் ஊதச் சொன்னாள், அவன் ஊதினான், கபடிக்காரன் ஊதுகிற ஊதலா இது என்று கேட்டாள். "இந்த வயசுல நுரையீரல் இன்னும் வளர்ந்துகிட்டுத்தான் தம்பி இருக்கு. வளர்றப்பவே புகையை ஊத்தினா அது வளர்றதை அத்தோட விட்டுரும். மூளையும் அப்படித்தான், இப்பப் பிடிச்ச பழக்கத்தை அது சீக்கிரத்துல விடாது. இப்பவே நிறுத்தினா நெறைய திரும்பக் கிடைக்கும். அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றவங்க யாரும் அப்புறம் பாத்து நான் பாத்ததில்ல." மூலையில் இருமுகிறது என்று கனியம்மாள் சொன்னதற்கு அவள் ஆச்சரியப்படவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸிலும் ஒன்று இருக்கிறது, கம்பவுண்டர் மகன் என்று நினைக்கிறேன் என்றாள்.

அவன் விட்டான். விடுவது அவ்வளவு லேசாக இல்லை. தலை வலித்தது, தூக்கம் வரவில்லை, சோற்றுத் தட்டை ஒரு நாள் சுவரில் எறிந்தான், எறிந்துவிட்டு அவனே பொறுக்கினான். ஆனால் இருமல் நகரத் தொடங்கியது. மூட்டையிலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து கொல்லைக் கதவுக்கு, கதவிலிருந்து முருங்கை மரத்தடிக்கு அது தள்ளித் தள்ளிப் போனது. கனியம்மாள் துணி காயப்போடுகிற சாக்கில் மரத்தடிக்குப் போய்க் காது கொடுத்துவிட்டு வந்து, அவனுக்குப் பிடித்த அவியலை வைத்து, அவன் போதும் போதும் என்று சொல்லச் சொல்ல அள்ளிப் போட்டாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

பிறகு ஒரு கபடிப் போட்டியில் தோற்றார்கள். தோற்ற துக்கத்துக்கு யாரோ ஒருவன் ஒன்றை நீட்டினான், ஒன்றே ஒன்றுதானே என்றான். அன்று சாயங்காலம் சுயம்பு கொத்தமல்லித் தழையை மென்றுகொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். வாசனை எதுவும் இல்லை. ஆனால் அவனுக்கு முன்னாலேயே இருமல் கொல்லைக் கதவுக்குத் திரும்பி வந்திருந்தது. கனியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் பொய் சொல்வான், பொய் சொல்ல வைக்க வேண்டாம் என்று நினைத்தாள். வாரம் போகப்போக இருமல் அடுப்படிக்கு வந்தது. மூட்டைக்குப் பின்னால் வந்தது. "நீ எப்பப் பாத்தாலும் காதத் தீட்டிக்கிட்டே இருக்கம்மா, அதுலயே எனக்குப் பிடிக்கணும்போலத் தோணுது" என்று அவன் கத்தினான். "விட்டுருவேன்னு சொன்னேன்லா? பரீட்ச முடியட்டும், விட்டுருதேன்." அவன் நிஜமாகவே விட நினைத்தான். அதைச் சொல்லாமல் இருந்தால் அவனுக்கு நான் செய்கிற அநியாயம்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவள் எதிரில் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். மூட்டைக்குப் பின்னால் இருமல் தொடங்கியது. அது போகிற போக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் மூச்சுக்கு இடமே விடாமல், ஈரமாக, கீழே கீழே இறங்கிக்கொண்டு போனது. ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. அப்புறம் பாதி இருமலில் நின்றது.

வீடு அத்தனை அமைதியாக இருந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. சுயம்பு சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்து, அந்த அமைதியைக் கேட்டான். அவன் முகம் அப்படியே மலர்ந்தது.

"எம்மா, நின்னுட்டு பாத்தியா! நேத்துலேருந்து நான் தொடவே இல்லம்மா, சத்தியமா. அதான் நின்னுட்டு."

பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன கனி, பெரியவியள் சத்தத்தயே காணும்? சாந்தியாயிட்டாவளா? நல்லாருப்ப, கோடி புண்ணியம். ஒங்க வீட்டுக்காரருக்குப் போனப் போடு, ஆட்டுக்குச் சொல்லட்டும்." அவள் அங்கிருந்தே அடுத்த வீட்டுக்குச் செய்தி சொல்ல, தெருவில் யாரோ குலவையிட்டார்கள்.

கனியம்மாள் அதை ஒன்றும் கேட்கவில்லை. தவழ்ந்துபோய் மூட்டையைக் கட்டிக்கொண்டு சுவரில் வாயை வைத்து, "இருமுல" என்றாள். "ஒரே ஒரு தரம் இருமிரு மக்கா. எஞ் சாமில்லா. இருமு, இருமு." எந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று ஊர் முழுக்க ஓடினாளோ, எந்தச் சத்தத்துக்காகக் கண்ட தெய்வத்துக்கெல்லாம் நேர்ந்தாளோ, அந்தச் சத்தத்தை இப்போது பிச்சை கேட்டாள்.

"அப்பா" என்றது பெண்பிள்ளை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, எந்திங்கப்பா."

சுயம்பு எச்சில் கையோடு எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். அவனுக்கு இப்போது எல்லாம் புரிந்திருந்தது. "நான் இங்கதான இருக்கேன்" என்று அந்தச் சுவரைப் பார்த்துச் சொன்னான், குரல் உடைந்து பாதிப் பிள்ளையும் பாதி ஆளுமாக ஒலித்தது, "இங்கதான் மக்கா இருக்கேன், இந்தா, இங்க." அவன் சொன்னது அந்தப் பெண்பிள்ளைக்குக் கேட்கவில்லை. அவள் இன்னும் ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தாள், பிறகு பயந்துபோய் வேறு பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"ஆச்சி! ஆச்சி, இங்க வாங்களேன், அப்பா எந்திக்க மாட்டுக்காவ!"

சுவருக்குள் வெகு தூரத்தில் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அப்புறம் காலடிகள். வயதான ஒருத்தியின் காலடிகள், வலது காலை இழுத்து இழுத்து, ஓட முடியாமல் ஓடி வருகிற காலடிகள். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வலது முட்டி இப்போதே பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்த கனியம்மாளுக்கு அது தன்னுடைய காலடிதான் என்று தெரிந்தது. வருகிறவள் மூட்டைக்கு அருகே வந்து நின்றாள். குனிந்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

வந்தவள் வாய் திறப்பதற்கு முன்னால் கனியம்மாள் தன் மகனை இழுத்து மார்போடு சேர்த்து, அவன் காதுகள் இரண்டையும் தன் கைகள் இரண்டாலும் இறுகப் பொத்தினாள். அவள் காதுகளைப் பொத்துவதற்கு அங்கே யாரும் இல்லை.